ஓவனில் மீன்: எலுமிச்சையை எப்போது போடுவது?

9 மார்ச் 2025, ஞாயிறு பிற்பகல்

மணலியிலிருந்து ஒரு வாசகி: “புது ஓடிஜி (மேசைமேல் வைக்கிற கரண்ட் ஓவன்). அரைக் கிலோ வஞ்சிரம், துண்டு போட்டது. ரெண்டு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, கொத்தமல்லி புதினா அரைச்சுத் தடவி, காலையிலயே பிரிட்ஜில வெச்சுட்டேன். மத்தியானம் 180-ல நாப்பது நிமிஷம். மேல வெள்ளையா என்னமோ வழிஞ்சு உறைஞ்சிருக்கு. தழையெல்லாம் கருகிடுச்சு. உள்ள மரத்தூள் மாதிரி. வீட்டுக்காரர் ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு ஆம்லெட் கேட்டார். கோளாறு ஓடிஜியிலயா, மீன்லயா?”

ரெண்டிலும் இல்லை. பழத்தை முன்னாலேயே பிழிந்ததில் பாதி, நாற்பது நிமிஷத்தில் பாதி.

சாறு பட்டவுடனே மீன் சதை வெளுக்க ஆரம்பித்துவிடும். தீ இல்லாமலே புளிப்பு அதை இறுக்கும். காலையில் தடவி மத்தியானம் எடுத்தால் மேல் சதை ஏற்கெனவே வெந்த கணக்கு. அதைக் கொண்டுபோய் இன்னும் நாற்பது நிமிஷம் சூட்டில் வைத்தால் உள்ளே இருக்கிற ஈரம் மொத்தமும் வெளியே போகும். நீங்கள் பார்த்த வெள்ளை மீனுடைய புரதம்தான். சதை இறுகும்போது பிதுங்கி மேலே வந்து உறைந்தது. தின்றால் ஒன்றும் ஆகாது, ஆனால் அது அவ்வளவு வழிந்தால் மீன் தேவைக்கு மேல் வெந்துவிட்டது என்று பொருள்.

ஓர் அங்குல கனமுள்ள துண்டுக்கு 200 டிகிரியில் 12 முதல் 15 நிமிஷம் போதும். எலுமிச்சைச் சாறு தட்டுக்கு வந்த பிறகு. ஓவனுக்குள் பழத்தின் தோல் போகலாம், சாறு போக வேண்டாம். என் கட்சி இதுதான், இந்த இழையில் கடைசிவரை இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கப் போகிறேன்.

வஞ்சிரத்தையும் விட்டுவிடுங்கள். துண்டு போட்டால் ரெண்டு பக்கமும் சதை திறந்து கிடக்கும், ஓவனின் வறண்ட சூடு அதை ஒட்ட உறிஞ்சிவிடும். அது தோசைக்கல் மீன். ஓவனுக்கு முழு மீன் வாங்குங்கள். தோலும் முள்ளும் இருக்கிறவரை ஈரம் உள்ளேயே நிற்கும்.

9 மார்ச், இரவு

விட்டுப்போனது. ஓடிஜியைக் குறைந்தது பத்து நிமிஷம் வெறுமனே சூடேற்றிவிட்டு அப்புறம் மீனை உள்ளே தள்ளுங்கள். மேல் கம்பி, கீழ்க் கம்பி ரெண்டும் எரிய வேண்டும்.

பிளக்கையும் கவனியுங்கள். 1500 வாட்ஸ் ஓடிஜி ஆறரை ஆம்ப்ஸ் இழுக்கும். மிக்சி செருகுகிற சின்ன பிளக்கில் போட்டால் பிளக்தான் முதலில் பேக் ஆகும். ஃபிரிட்ஜுக்குப் போடுகிற பெரிய பவர் பிளக்கில் போடுங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் சமையலறையில் அந்த பிளக்கே இருக்காது, ஓடிஜி ஹாலில் டிவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். சீரியல் வாடை ஒரு பக்கம், சங்கரா மீன் வாடை ஒரு பக்கம்.

11 மார்ச்

“சாறு போடலேன்னா கவுச்சி எப்படிப் போகும்?” என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்வி.

மீன் செத்துக் கொஞ்ச நேரம் ஆனதும் டிரைமெத்திலமின் என்று ஒரு பொருள் உண்டாகும். கவுச்சிக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். அது காரத்தன்மை உள்ளது. புளிப்பு பட்டால் உப்பாக மாறிவிடும், அதற்குமேல் ஆவியாகி மூக்குக்கு வராது. எலுமிச்சை, புளித்தண்ணி, மோர், எல்லாம் செய்வது ஒரே வேலை. பாட்டிமார்கள் கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, புளித்தண்ணியில் அலசி வைத்ததற்கு அர்த்தம் உண்டு.

அலசுவது வேறு, ஊற வைப்பது வேறு. ஐந்து நிமிஷம் அலசுங்கள், நல்ல தண்ணியில் கழுவுங்கள், துணியால் ஒற்றி ஒற்றி எடுங்கள், வயிற்றுக்குள்ளேயும். ஈரம் நின்ற மீன் ஓவனில் சுடாது, அவியும், தோல் தொளதொளவென்று போகும். துடைத்த மீனுக்கு உப்பு போட்டு இருபது நிமிஷம் வைத்தால் போதும்.

இன்னொன்று. மீனில் கவுச்சி ரொம்ப இருந்தால் எலுமிச்சையை யோசிக்காதீர்கள், கடையை யோசியுங்கள்.

14 மார்ச், வெள்ளி

தவக்கால வெள்ளி, கிறிஸ்தவர்கள் பலர் கறி தொடாத நாள். ராயபுரம் பக்கம் பாதி வீட்டில் இன்று மீன்தான். ஒரு நண்பர் கேட்கிறார்: “ஓடிஜி இல்லை. டிசம்பர்ல கேக் மாவ பேக்கரில குடுத்து சுட்டு வாங்கற மாதிரி, மீன் டிரேயையும் குடுக்கலாமா?”

கேட்டுப் பார்த்துவிட்டேன். எங்கள் தெரு பேக்கரிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சார், நாளைக்கு உங்க பொண்ணு பர்த்டேக்கு கேக் எங்கிட்டதான் வாங்குவீங்க. யோசிச்சுப் பேசுங்க.” அத்தோடு முடிந்தது.

ஓடிஜி இல்லாதவர்களுக்கு: அடி கனமான பெரிய பாத்திரம், அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கல்லுப்பு, மேலே ஒரு வளையம், அதன்மேல் தட்டில் மீன். மூடி, நடுத் தீயில் முதலில் பத்து நிமிஷம் காலியாகச் சூடேற்ற வேண்டும். பிரஷர் குக்கரிலும் செய்யலாம், ஆனால் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும். தண்ணீர் விடாத குக்கரை கேஸ்கெட்டோடு ஏற்றினால் ரப்பர் போய்விடும். மேல்தோல் சிவக்காது. ருசியில் குறையில்லை.

16 மார்ச், ஞாயிறு

காசிமேடு மீன் சந்தைக்குப் போய்வந்தேன். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு நானே ஞாயிற்றுக்கிழமைதான் போகிறேன், வேறு எப்போது போவது? ஏலம் விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே தொடங்கிவிடும். அது கூடைக் கணக்கில் எடுக்கிறவர்களுக்கு. நம்மைப் போல ஒரு மீன், ரெண்டு மீன் ஆட்கள் வெளிச்சம் வந்த பிறகு, வாங்கி வந்து பரப்பி வைத்திருக்கும் அக்காக்களிடம் போனால் போதும்.

ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு கொடுவா. அக்கா கேட்பதற்கு முன்னாலேயே செவுளைத் தூக்கிக் காட்டினார். கட்டைவிரலை உள்ளே விட்டு விரித்ததும் உள்ளே ரத்தச் சிவப்பு, மேலே கண்ணாடித் தெளிவில் வழவழப்பு. பழைய மீனில் அந்த வழவழப்பு கலங்கிப் பழுப்பாகும், செவுள் செங்கல் நிறத்துக்கு இறங்கும். வயிற்றை அமுக்கிப் பார்த்தேன், பள்ளம் விழாமல் எழும்பியது.

“கொழம்புக்கா, வறுவலுக்கா?”

“ரெண்டும் இல்லக்கா. தலையோட வாலோட முழுசா வேணும். செதில் எடுத்து, செவுள் எடுத்து, வயித்த மட்டும் கிளீன் பண்ணிக் குடுங்க. ஓவன்ல வெக்கணும்.”

“அப்டின்னா?”

“கரண்ட் பொட்டில வெச்சு சுடறது.”

“மீன சுடறதுக்கு இன்னாத்துக்கு சார் பொட்டி? மணல்ல ரெண்டு சுள்ளி கொளுத்தினா ஆச்சு.”

பதில் இல்லை என்னிடம். வெட்டுகிறவர் செதிலை வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சுரண்டினார், ரெண்டு பக்கமும் நாலு நாலு இழுப்பு. கொடுவாச் செதில் பெரிசு, என் சட்டையில் ஒட்டிக்கொண்டு பஸ் முழுக்க வந்தது. முள்வரைக்கும் ரெண்டு பக்கமும் மூன்று கீறல் போடச் சொல்லி வாங்குங்கள். உள்ளே சூடு போக அதுதான் வழி. வீட்டுக் கத்தியில் நாம் போட்டால் மீன் நழுவி விரல்தான் கீறும்.

செய்தது: வெளியே உப்பு, மிளகு, நல்லெண்ணெய் இல்லாத ஏதாவது எண்ணெய். கீறல்களுக்குள் பூண்டும், எலுமிச்சைத் தோல் துருவலும். வயிற்றுக்குள் கொத்தமல்லித் தண்டு, ரெண்டு பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், எலுமிச்சை இலை நாலு. 200 டிகிரி, 25 நிமிஷத்துக்குக் கிட்டே. வெளியே எடுத்து ஐந்து நிமிஷம் விட்டு, அப்புறம் தட்டில் சாறு பிழிந்து, பச்சைக் கொத்தமல்லி தூவியது. வீட்டில் யாரும் ஆம்லெட் கேட்கவில்லை.

வெந்ததைப் பார்க்க: தலைக்குப் பின்னால் தடித்த இடத்தில் கத்தி முனையை முள்வரை இறக்கித் திருகுங்கள். சதை கண்ணாடி நிறம் போய் வெள்ளையாகி, முள்ளைவிட்டுத் தானே விலகினால் சரி. சதை ஒட்டிக்கொண்டு முள்ளோரம் சிவப்பு தெரிந்தால் இன்னும் நாலு நிமிஷம். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 63 டிகிரி.

17 மார்ச்

துருவும்போது மஞ்சள் மட்டும். அதற்குக் கீழே இருக்கும் வெள்ளை கசப்பு. எண்ணெய் பைகள் இருப்பது மேல்தோலில், வாசனை முழுக்க அங்கேதான். சூட்டில் சாறு தன் வாசனையை இழந்து வெறும் புளிப்பாக நிற்கும், தோலின் எண்ணெய் வெண்ணெயிலோ எண்ணெயிலோ கலந்து நிற்கும்.

படத்தில் பார்ப்பதுபோல மீன்மேல் எலுமிச்சை வில்லைகளை அடுக்குகிறவர்கள் கவனிக்க: படத்துக்கு நல்லது, நாக்குக்கு இல்லை. மேல் கம்பிச் சூட்டில் வெள்ளையும் விதையும் காய்ந்து கசப்பு கீழே இறங்கும். வில்லைதான் வேண்டுமென்றால் விதை எடுத்து மீனுக்கு அடியில் போடுங்கள். டிரேயில் ஒட்டாமலும் இருக்கும்.

சாத்துக்குடி? இனிப்பு, புளிப்பு குறைவு, மீனோடு மொக்கையாக இருக்கிறது. கமலா ஆரஞ்சுத் தோல் கொஞ்சம், எலுமிச்சைத் தோலோடு கலந்து: நன்றாக இருக்கிறது.

17 மார்ச், இரவு

ராயபுரத்திலிருந்து ஒருவர் வந்து என் கட்சியின் அடிமடியில் கை வைத்துவிட்டார். “சாறு முன்னால கூடாதுன்னா, பார்சிக்காரங்க பத்ரானி மச்சி எப்படி?”

நம் ராயபுரத்திலேயே 1910-ல் கட்டிய பார்சி அக்னிக் கோயில் இருக்கிறது. அந்தத் தெரு வழியாகத் தினம் போகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவர்களுடைய அந்த மீன்: தேங்காய், கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய், பூண்டு, சீரகம், எலுமிச்சை சேர்த்து அரைத்த பச்சைச் சட்னியை வவ்வால் மீனில் அப்பி, வாழையிலையில் மடித்து ஆவியில் வேகவைப்பது. அதில் சாறு முன்னாலேயே இருக்கிறது, மீன் மெத்தென்றும் இருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் என் விதியை அது உடைக்கவில்லை, எல்லை போட்டுக் காட்டுகிறது. அங்கே சாறு தனியாக மீனைத் தொடுவதில்லை, தேங்காய் நடுவில் நிற்கிறது. மணிக்கணக்கில் ஊறுவதும் இல்லை, மடித்தவுடன் அடுப்புக்குப் போகிறது. இலைக்குள் ஆவி, வறட்சிக்கு இடமே இல்லை. ஆகவே திருத்தம்: திறந்து சுடும் மீனுக்கு முன்னால் சாறு கூடாது. இலையில் மடித்ததற்கு, தேங்காயோடு அரைத்து, உடனே வைப்பதானால் போடலாம்.

மணலி வாசகி அரைத்த சட்னியில் தேங்காய் மட்டும் இருந்து, இலையும் இருந்திருந்தால் கதை வேறு.

23 மார்ச், ஞாயிறு

தழைகள். தைம், ஆரிகனோ, பார்ஸ்லி, ரோஸ்மேரி என்று சமையல் வீடியோவைப் பார்த்து அண்ணா நகர் சூப்பர் மார்க்கெட்வரை போய், வாடின நாலு குச்சிக்குக் காசைக் கொட்டிவிட்டு வந்தேன் என்று ஒருவர் புலம்பியிருக்கிறார். எதற்கு?

கற்பூரவள்ளி. தண்டையார்பேட்டையில் மொட்டை மாடி இருக்கிற எந்த வீட்டிலும் உடைந்த பக்கெட்டில் ஒன்று இருக்கும், பிள்ளைக்குச் சளி பிடித்தால் மட்டும் ஞாபகம் வரும். ஆரிகனோவுக்கு மணம் தரும் கார்வக்ரால் இதிலும் உண்டு. சூட்டுக்குத் தாங்கும். ஒரு கிலோ மீன் வயிற்றுக்கு மூன்று, நாலு இலை கிழித்துப் போட்டால் போதும். அதற்குமேல் போனால் கஷாயம்.

பேசில் வேண்டுமா, ஃபலூடாவில் போடும் சப்ஜா விதையை ஒரு தொட்டியில் தூவுங்கள். வருவது திருநீற்றுப் பச்சிலை, பேசில்தான். பூக்கடையில் மாலைக்கு வைத்திருப்பதை வாங்கிச் சமைக்காதீர்கள், தின்பதற்கென்று வளர்த்தது இல்லை. இந்த இலை சூட்டில் கறுத்துவிடும், கடைசியில்தான் போட வேண்டும். புதினாவும் அப்படியே. கொத்தமல்லியில் தண்டு உள்ளே, இலை வெளியே.

கறிவேப்பிலை எண்ணெய் பூசி மேலேயே போடலாம், மொறுமொறுவென்று வரும்.

சதகுப்பைக் கீரை, வெள்ளைக்காரர்கள் மீனுக்கு விடாமல் போடுவது, நமக்கு சவுகார்பேட்டையில் இருக்கிறது. குஜராத்திக்காரர்கள் வாங்கும் காய்கறிக் கடையில் “சுவா” என்று கேளுங்கள். குளிர்காலத்தில் கட்டுக் கட்டாக வைத்திருப்பார்கள். வெண்ணெயும் எலுமிச்சைத் தோலும் சுவாவும் சேர்ந்தால் கிழங்கான் மீனுக்கு அவ்வளவு பொருத்தம்.

எங்கள் அத்தைக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. “மீன்ல மொளகாத்தூள் இல்லன்னா அது பத்தியம்” என்று சொல்லிவிட்டு வத்தக்குழம்பைப் பிசைந்துகொண்டார். அவருக்காகப் பாதி மீனுக்கு மிளகாய்த்தூள் தடவினேன். அந்தப் பாதி முதலில் காலியானது. குறித்துக்கொள்ளுங்கள், நான் மசாலாவுக்கு எதிரி இல்லை.

2 ஏப்ரல்

அலுமினியத் தாளில் எலுமிச்சையும் உப்பும் தடவிய மீனைச் சுற்றி வைக்கலாமா? புளிப்பும் உப்பும் சூடும் சேர்ந்தால் அலுமினியம் கரைந்து சாப்பாட்டில் இறங்கும். நடுவில் பட்டர் பேப்பரோ வாழையிலையோ வைத்து, தாளை வெளியே சுற்றுங்கள். வாழையிலையை முதலில் அனலில் வாட்டிக்கொண்டால் மடிக்கும்போது கிழியாது. மூடிச் சுற்றினால் ஐந்திலிருந்து எட்டு நிமிஷம் கூடுதல்.

மைக்ரோவேவில் கன்வெக்‌ஷன் உள்ளவர்கள்: இரும்புத் தட்டு கன்வெக்‌ஷனில் மட்டும். பட்டனை மாற்றி அழுத்தி, தீப்பொறி பறந்ததும் இங்கே வந்து தீபாவளி என்று எழுதாதீர்கள்.

13 ஏப்ரல், ஞாயிறு

நாளை மறுநாள் 15-ம் தேதி. அன்று தொடங்கும் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, மீன் குஞ்சு பொரிக்கிற காலம். பைபர் படகுகளும் கட்டுமரங்களும் போகலாம், ஆனால் அவை கொண்டுவருவது கொஞ்சம். இன்றைக்கே கொடுவா விலையைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். அக்கா சிரித்தார். “இன்னும் ரெண்டு நாள்ல பாரு, இத்த நெனச்சி அழுவ.”

பைபர்காரர்கள் கொண்டுவருவதில் ஒரு லாபம், அன்று போய் அன்றே வருகிற மீன். நாள்கணக்கில் ஐஸில் கிடக்காது. காணாங்கத்தை, சங்கரா, கிழங்கான் கிடைத்தால் விடாதீர்கள். மூன்றும் ஓவனுக்கு நல்ல அளவு, கைநீள மீன், 15 நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட.

19 ஏப்ரல்

ஒருவர் காரசாரமாக எழுதியிருக்கிறார்: தடைக்காலத்தில் கடைகளில் வரும் கொடுவா பண்ணை மீன், அதை ஏன் தொட வேண்டும்?

தொடலாம். கொடுவா உப்புத் தண்ணியிலும் நல்ல தண்ணியிலும் வாழும், அதனால்தான் வளர்க்க முடிகிறது. சென்னையிலிருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-ல் அதைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்து காட்டியது, அதிலிருந்துதான் குஞ்சு கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஓவன் மீன் என்றால் முதலில் நினைக்கிற பாரமுண்டியும் இதே இனம். வளர்ப்பு மீனில் கொழுப்பு கொஞ்சம் அதிகம், ஓவனில் காய்வது குறைவு. ருசி? பழவேற்காட்டு ஏரிக் கொடுவாவுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு படி கீழேதான். அதற்குத்தான் தோலும் தழையும்.

இதே ஆள் அடுத்த வரியில் எண்ணூர் மீன் பற்றிக் கேட்கிறார். 2017 ஜனவரி 28-ல் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது, காசிமேட்டில் நல்ல மீனையும் சீந்த ஆளில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்துக்குள்ளேயே எண்ணெய் வந்து, வலையும் படகும் கறுத்து நின்றதைப் பக்கத்தில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். என் அளவுகோல் மூக்கு. மீனில் மண்ணெண்ணெய் வாடை துளி இருந்தாலும் வாங்குவதில்லை. அது கவுச்சி இல்லை, எலுமிச்சைக்கு அடங்காது, வேகும்போது இன்னும் எழும்பும்.

4 மே

பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தோன்றியது. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் வியாசர்பாடியில் குடியேறியபோது நமக்குத் தந்தது அத்தோவும் பேஜோவும் மட்டும்தானா? பர்மாவில் மொய்ங்கா என்பது மீனைக் கரைத்து, வாழைத்தண்டும் எலுமிச்சைப்புல்லும் போட்டு வைக்கும் சூப். இங்கே வண்டிக்கடையில் பெரும்பாலும் வாழைத்தண்டு சூப்பாக நின்றுவிட்டது.

எலுமிச்சைப்புல்லின் அடித்தண்டை நசுக்கி சங்கரா வயிற்றில் வைத்துப் பார்த்தேன். எலுமிச்சையின் மணம் முழுக்க வருகிறது, புளிப்பு துளிகூட இல்லை, சதையைத் தொடவும் இல்லை. சாறு முன்னாலா பின்னாலா என்ற சண்டையே இதில் கிடையாது. இரண்டு மாதமாக நான் தோலைத் துருவிக்கொண்டிருந்ததற்கு இது சுலபம். ஆனால் வெளியே எடுத்துவிட்டுப் பரிமாறுங்கள். தண்டு நார், பல்லில் மாட்டும். எங்கள் வீட்டில் ஒருவர் அதை முள் என்று நினைத்து வாழைப்பழம் கேட்டார்.

25 மே

காணாங்கத்தை. எண்ணெய் உள்ள மீன், ஓவனில் காயவே காயாது, விலையும் கட்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதில்தான் தொடங்க வேண்டும், கொடுவாவில் இல்லை. இந்த இழையின் முதல் குறிப்பிலேயே இது வந்திருக்கலாம்.

ஒரே எச்சரிக்கை: ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த காணாங்கத்தையை வாங்காதீர்கள். அதில் ஹிஸ்டமின் சேரும், வேகவைத்தாலும் போகாது. முகம் சிவந்து, தடித்து, தலை வலிக்கும். “மீன் அலர்ஜி” என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்களில் சிலருக்கு அலர்ஜி மீனோடு இல்லை, ஐஸ் போடாத கடையோடு.

இதற்கு நான் வைப்பது நார்த்தங்காய் ஊறுகாய். உப்பில் ஊறி வெயிலில் காய்ந்த கறுத்த சுருள், தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்வது. ஒரு சுருளைப் பொடியாக நறுக்கி, வெண்ணெயில் ரெண்டு பூண்டோடு பிசைந்து, கீறலுக்குள் திணித்து 200-ல் 15 நிமிஷம். மீனுக்கு வேறு உப்பு வேண்டாம், நார்த்தங்காயிலேயே இருக்கிறது. அதன் கசப்பு காணாங்கத்தையின் நெய்ப்பை வெட்டுகிறது. எலுமிச்சையின் வெள்ளை கசக்கும் என்று மார்ச்சில் மிரட்டியவன் இப்போது கசப்பைத் தேடிப் போட்டிருக்கிறான், பார்த்தீர்களா? உப்பில் மாதக்கணக்கில் கிடந்தால் கசப்பு அடங்கிப் பழகிவிடுகிறது. மொராக்கோக்காரர்கள் உப்பில் ஊறிய எலுமிச்சையை மீனோடு சமைப்பதும் இதே சூத்திரம்தான்.

அத்தை ரெண்டு மீன் சாப்பிட்டார். மிளகாய்த்தூள் கேட்கவில்லை. “ஊறுகாய வீணாக்கற” என்று மட்டும் சொன்னார்.

15 ஜூன், ஞாயிறு

நேற்று நள்ளிரவோடு தடை முடிந்தது. எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு இன்றே காசிமேட்டுக்கு ஓடாதீர்கள். படகு இன்றுதான் போகிறது, மீன் நாலு நாள் கழித்துத்தான் நிறைய வரும். இன்று போனால் கூட்டத்தைத்தான் பார்க்கலாம்.

22 ஜூன், ஞாயிறு

மணலி வாசகி திரும்ப வந்திருக்கிறார். “முழு சங்கரா, தோல் துருவல், கற்பூரவள்ளி, 18 நிமிஷம். நல்லா வந்துச்சு. வீட்டுக்காரர் தலையக்கூட விடல. ஆனா நேத்து பையனுக்கு கேக் போட்டேன், கேக்ல மீன் வாடை.”

டிரேயைக் கழுவியிருப்பீர்கள், உள்சுவரைத் துடைத்திருக்க மாட்டீர்கள். மீன் எண்ணெய் தெறித்து அங்கேதான் உட்காரும். பிளக்கைப் பிடுங்கி, ஆறினபின் சோடா உப்பைக் குழைத்துச் சுவரில் தடவி அரை மணி கழித்து ஈரத்துணியால் துடையுங்கள். கம்பியில் படக்கூடாது. பிறகு கதவைக் கொஞ்சம் திறந்துவைத்து 200-ல் பதினைந்து நிமிஷம் காலியாக ஓட்டுங்கள். ரப்பர் பட்டை இருக்கும் மாடலானால் அதை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணியில் கழுவுங்கள், வாடை பதுங்குவது அதில்தான். மீனுக்கு ஒரு டிரே, கேக்குக்கு ஒரு டிரே. இரண்டாவது டிரே தங்கசாலைப் பாத்திரக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், ஓடிஜியின் உள் அளவை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.